ஐந்துக்குக் கீழே

வாளி, கதவு, வான்கோழி, எலுமிச்சை, கடிதம், தொப்பி, பாலம், ஊசி, கம்பளி, மெழுகுவர்த்தி, குதிரை, ஆணி. பன்னிரண்டு சொற்கள். டோரீன் என்கிற அந்தப் பரிசோதகப் பெண் ஒவ்வொன்றாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு வாசித்தாள். ஞாபகமிருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். எழிலரசன் ஒன்பது சொன்னான், விட்ட மூன்றும் கொஞ்சம் தாமதமாக மனதுக்குள் வந்து சேர்ந்தன. அவள் நல்லது கெட்டது எதையும் முகத்தில் காட்டாமல் தாளில் குறித்துக்கொண்டு, "இதையே இருபது நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேட்பேன், அப்ப சொல்றதுதான் கணக்கு. அதுவரைக்கும் கைக்கு ஒரு வேலை தரேன்" என்று ஒரு பலகையை அவன் பக்கம் தள்ளினாள். பலகை நிறையச் சின்னச் சின்னத் துளைகள், பக்கத்துக் கிண்ணத்தில் தீக்குச்சித் தடிமனில் இரும்பு முளைகள். ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும், அவ்வளவுதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஒன்பது வருஷம் எதிராளியின் சட்டையிலும் தோள் கவசத்திலும் மாட்டி மாட்டி ஒடிந்து, ஆளுக்கொரு திசை பார்க்கிற விரல்கள் கிடையாது. முதல் முளை உருண்டு மேஜைக்கடியில் ஓடியது. டோரீன் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நன்றி என்றான், மனதுக்குள் வாளி, கதவு, வான்கோழி. ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிடித்துக்கொள்ளாமல் இருப்பதுதானே இன்றைக்கு லாபம். அணியின் டாக்டர் மேல் அவன் கொடுத்த புகாருக்கு மருத்துவக் கவுன்சில் கேட்டது ஒன்றே ஒன்று: ஆட வந்த முதல் வருஷம் உன் மூளை எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது, இரண்டையும் காட்டு. முதல் தாள் அணியின் கோப்பிலிருந்து வந்துவிட்டது. இரண்டாவது தாள் இதோ டோரீன் கைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் பள்ளம் விழுந்தால் அணியின் டாக்டர் வெல்டனுடைய உரிமம் போகும். விழாவிட்டால் அவன் ஏரிக்கரை வீட்டில் தூண்டில் போட்டபடி சந்தோஷமாகச் சாவான். "நீயா ஒண்ணும் பண்ணாதே, வர்றது வரட்டும்" என்று காரை நிறுத்தும்போது கயல் அக்கா சொல்லியிருந்தாள். வர்றது வரட்டும். ஆனாலும் பரீட்சை என்று உட்கார்ந்துவிட்டால் எழிலரசனுக்கு விடத் தெரியாது, எலுமிச்சை, கடிதம், தொப்பி.

எழிலரசன் என்று பேர் வைத்த அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே ஐந்து கிலோ, எட்டாம் வகுப்பில் அப்பாவைவிட ஒரு தலை உயரம், ஆட வந்தபோது நூற்று நாற்பது கிலோ. அணியில் ஒருவன் வாயிலும் அந்த 'ழி' நுழையவில்லை, முதல் நாளே 'ஈசி' ஆக்கிவிட்டார்கள். அப்பா பட்டுக்கோட்டையிலிருந்து ஓஹையோவுக்கு வேலைக்கு வந்த எஞ்சினியர். மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பாடச் சொல்வார்கள், இந்த வீட்டில் விருந்தாளி வந்தால் எழிலரசன் நாடுகளின் தலைநகரங்களைச் சொல்ல வேண்டும். நூற்றுச் சொச்சம். ஒன்றுகூடத் தப்பாது, அப்பாவின் முகம் பொங்கும், அம்மா திருஷ்டி கழிப்பாள். அந்த ஞாபகசக்தியால்தான் அவன் ஆட்டத்திலும் நிலைத்தான், உடம்பால் இல்லை. இது யாருக்குத் தெரியும்? ஊரிலிருந்து சித்தப்பா போன் போட்டு, "எத்தனை கோல் போட்டே தம்பி?" என்பார். கோலாவது ஒன்றாவது. இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, பேர் மட்டும்தான் அது. பந்தை எறிகிறவன் ஒருவன் இருப்பான், பேப்பரில் அவன் படம் வரும். அவனை அடித்து வீழ்த்த எதிரணி ஓடி வரும். நடுவில் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள், அதில் இடப்பக்கத்துச் சுவர் இவன். ஒன்பது வருஷத்தில் பந்தைத் தொட்டது ஒரே முறை, அதுவும் தவறி விழுந்து காலடியில் உருண்டதால். மற்ற நேரமெல்லாம் தலையோடு தலை. ஒரு ஆட்டத்துக்கு அறுபது எழுபது தடவை, ஹெல்மெட்டோடு ஹெல்மெட், உள்ளே ஒரு வெளிச்சம் அடிக்கும், அணையும், மறுபடி குனிந்து நிற்க வேண்டும். ஆனால் எங்கே நிற்பது, யாரைத் தடுப்பது, இடப்பக்கத்தான் உள்ளே வந்தால் யார் வெளியே போவது, அத்தனையும் ஆட்டப் புத்தகத்தில் இருக்கும், டெலிபோன் டைரக்டரி தடிமன், வாராவாரம் மாறும். எழிலரசன் ஒரு ராத்திரியில் மனப்பாடம் பண்ணுவான். மற்ற நான்கு பேரும் ஆட்டத்தின் நடுவில் இவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஈசி, இப்ப எனக்கு யாரு? உனக்கு ஐம்பத்தி நாலாம் நம்பர் சட்டை, உனக்கு தொண்ணூத்தி ஒண்ணு. அப்படி இருந்தவன். ஏழாவது முளை துளைக்குள் போகாமல் அடம்பிடித்தது. பாலம், ஊசி, கம்பளி. அப்புறம் மெழுகுவர்த்தி. குதிரை. இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. இருக்கக்கூடாதே. இருந்தால் வெல்டனுக்கு அல்லவா நல்லது.

வெல்டனை நினைத்தாலே வாயில் புதினா மிட்டாய் வாசனை வரும், எந்நேரமும் அதை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டிருப்பான். குள்ளமான ஆள், வெள்ளை மீசை, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி தோளைத் தட்டுவான். இந்த விரல்களாலேயே அவனை முடித்திருக்கலாம். அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான், சும்மா இல்லை, விவரமாக, எந்தக் கையை எங்கே வைப்பது என்பது வரை. ஆனால் அது வெல்டனுக்கு ஒரு நிமிஷ வலி. இவனுக்கு வேண்டியது வேறு. வெல்டனின் அறையில் மேஜைக்குப் பின்னால் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதை அவனே தன் கையால் இறக்க வேண்டும், சுவரில் ஆணி மட்டும் நிற்க வேண்டும். ஆணி. இது மட்டும் மறக்காது. அந்த டிசம்பர் மதியம், ஏழாவது வருஷம், மூன்றாவது கால் பகுதி ஆட்டம், பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது, எதிரணி ஆள் கீழிருந்து எழும்பித் தாடையில் மோதினான். அடுத்த ஞாபகம், எழிலரசன் எதிரணிக் கூட்டத்துக்குள் போய்த் தோளில் கைபோட்டு நிற்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். இவனுடைய ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள், அவர்களும் சிரித்தார்கள். வெல்டன் வந்தான். பெஞ்சில் உட்காரவைத்தான். எப்படி உட்காரவைத்தான் என்பதுதான் விஷயம், இதைக் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அக்கா இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள். முகத்தை மைதானத்தின் பெரிய பலகைக்கு நேராகத் திருப்பி உட்காரவைத்தான். "எந்த ஊர்ல இருக்கோம், ஈசி?" பலகையில் ஊர் இருந்தது. "ஸ்கோர் என்ன?" பலகையில் ஸ்கோர் இருந்தது. "இது எத்தனாவது கால்?" அதுவும் இருந்தது. எழிலரசன் வாசித்தான். அணியின் உதவியாள் ஒருவன் ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தான். தலையில் அடிபட்டவன் மறுபடி ஓடாமலிருக்க அதுதான் வழக்கம், ஹெல்மெட் கிடைக்காவிட்டால் உள்ளே போக முடியாது. வெல்டன் அதை வாங்கித் தன் கையாலேயே எழிலரசன் தலையில் மாட்டினான். "ஒண்ணுமில்ல, போ." புதினா வாசனை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு மோதல். அதில் ஒன்றைக்கூட எழிலரசனுக்கு ஞாபகமில்லை, வீடியோவில் பார்த்து எண்ணியது அக்கா. எண்ணிவிட்டு அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்று போன் வந்தது. புத்தகத்தை எடுத்துட்டு வா என்றால் வேலை போச்சு என்று அர்த்தம். அன்றைக்குப் புத்தகத்தைத் தேடித்தேடிக் கடைசியில் ஃபிரிட்ஜுக்குள் கண்டெடுத்தான். அப்போது அது சிரிப்பாக இருந்தது.

சிரிப்பெல்லாம் அம்மா சாகும் வரைக்கும்தான். அம்மா செத்தது மார்ச்சில். தோளில் தூக்கிக்கொண்டு போனான், அழுதான், எல்லாம் முறையாகச் செய்தான். அது நடந்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அக்கா வீட்டுச் சமையலறையில் வந்து நின்று, "அம்மா எங்கக்கா?" என்று கேட்டானாம். கேட்டானாம் என்றுதான் சொல்ல முடியும், அவனுக்குத் தெரியாது. கயல் அடுப்பை அணைத்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவன் போல அழுதான். நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள், மறுபடி அழுதான். மூன்றாவது முறை கேட்டபோது அக்காவுக்குத் தாங்கவில்லை, "ஊருக்குப் போயிருக்காங்கடா" என்றுவிட்டாள். அப்படியா என்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான். இரண்டு நாள் அம்மா பட்டுக்கோட்டையில் இருந்தாள், யாரையெல்லாமோ பார்த்துக்கொண்டு, சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு. போன் பண்ணவில்லையே என்று கோபம்கூட வந்தது. மூன்றாம் நாள் அக்கா வீட்டு ஹாலில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான். ஒரு அம்மாதான் இருந்தாள், அவள் அவனுக்கு மூன்று தடவை செத்தாள். நிஜமாகச் செத்ததையும் சேர்த்தால் நான்கு. இதை வெல்டனுக்கு யார் சொல்வது? உன் அம்மா ஒருமுறைதானேடா செத்தாள். உனக்கும் ஒன்றைப் பிடுங்க வேண்டும், உயிர் வேண்டாம், வீடு வேண்டாம், நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்ற வக்கீலையே இவன் வாசலோடு அனுப்பிவிட்டான். நீ உன்னைப் பற்றிக் கண்ணாடியில் பார்த்து என்ன சொல்லிக்கொள்கிறாயோ, டாக்டர் என்று, அது வேண்டும் எனக்கு. பதினான்காவது முளை, பதினைந்தாவது. அடுத்த முளை துளையின் விளிம்பைத் தட்டித் தட்டி விலகியது. கோபத்தினால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்து. இந்த ஐந்து எங்கேயிருந்து வந்தது? காலையிலிருந்தே உள்ளே ஒரு முள்ளாய்க் குத்திக்கொண்டிருக்கிறது. காரில் வரும்போது அக்கா கோப்பைத் திறந்து முதல் வருஷத் தாளைப் பார்த்தாள். கயல் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், இந்தத் தாள்களெல்லாம் அவளுக்குப் படிக்க வரும். சிக்னலில் நின்றபோது, "என்னடா இது, அப்பவே உனக்கு அஞ்சுதானா? பன்னெண்டுக்கு அஞ்சு?" என்றாள். "தெரியலக்கா" என்றான். "தலைநகரம் நூத்தம்பது சொன்னவன்டா நீ." "தெரியலயே." பின்னால் ஹாரன் அடித்தார்கள், அக்கா வண்டியை எடுத்துவிட்டாள், பேச்சு அதோடு நின்றது. இருபத்திரண்டு வயசு. ஆட்டப் புத்தகத்தை ஒரு ராத்திரியில் விழுங்குகிற வயசு. அந்த வயசில் எப்படி ஐந்து? காய்ச்சலா? தூக்கமா? பதினேழாவது முளையை எடுத்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். ஒரு ஹால். ஹால்தான். நீளமான மேஜைகள், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஜன்னலுக்கு வெளியே மைதானத்துப் புல்லை யாரோ வெட்டுகிற சத்தம், அந்தப் புல் வாசனைகூட வருகிறது. நாற்பது பேர் அந்தச் சின்ன நாற்காலிகளில் பிதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அறைத்தோழன் டாரெல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான்? "அஞ்சுக்கு மேல போயிடாதடா ஈசி." டாரெல்தான் சொன்னான். ஆமாம். டாரெல் சொன்னான், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றான், ஒவ்வொரு அணியிலும் செய்வதுதான். பின்னால் தலையில் அடிபட்டால் இதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள், இன்றைய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் உட்காரவைத்துவிடுவார்கள், உட்கார்ந்தவன் இடத்தில் அடுத்த வாரம் வேறொருவன் நிற்பான். அதனால் இன்றைக்கே குறைத்து வாங்கி வைத்துக்கொள். மூளை கலங்கிப் போனாலும் அந்த ஐந்தைச் சொல்லிவிடலாம். எழிலரசனுக்குப் பன்னிரண்டும் தெரிந்திருந்தது. பன்னிரண்டும் நாக்கு நுனியில் நின்றன. ஐந்தைத் தட்டிவிட்டு மீதியை விழுங்கினான், வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு பரீட்சையில் வேண்டுமென்றே தோற்றான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கூடவே பெரிய ஆட்களில் ஒருவனாகிவிட்ட பெருமை. ஹால் முழுக்க அடக்கிய சிரிப்பு. வாசலில் ஒருவன் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புதினா. "இன்னிக்கு யாரும் ரொம்பப் புத்திசாலியா இருக்கணும்னு அவசியமில்ல, பசங்களா" என்றான் வெல்டன். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எழிலரசனும் சிரித்தான்.

"பரவாயில்ல, மெதுவாப் போடுங்க" என்றாள் டோரீன். முளை கையிலிருந்து நழுவியிருந்தது. அப்படியென்றால் வெல்டன் பதினேழு வருஷத்துக்கு முன்னாலேயே தனக்கு வழி போட்டுவைத்துவிட்டான். அந்தச் சிரிப்பிலேயே போட்டுவிட்டான். இவன் கையாலேயே போடவைத்தான், அயோக்கியன், பலகைக்கு நேராக உட்காரவைத்தானே, அதே வேலை. இன்றைக்கு எழிலரசன் ஐந்து சொன்னால், பாருங்கள், அன்றைக்கும் ஐந்து இன்றைக்கும் ஐந்து, இந்த ஆள் பிறவியிலேயே இப்படித்தான் என்பார்கள். ஆறு சொன்னால் போச்சு, ஆட்டம் இவன் மூளையை வளர்த்துவிட்டது என்பார்கள். கவுன்சிலில் யாராவது சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால்? அன்றைக்கு நான் பொய்யாக எழுதினேன் ஐயா என்று சொன்னால்? அப்போது பொய் சொன்னவன் இப்போது மட்டும் யோக்கியனா என்பார்கள், வெல்டனின் வக்கீல் அதைத்தான் கேட்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எழிலரசனுக்குச் சுவர் தெரியும், தானே சுவராக நின்றவன். எல்லாச் சுவரிலும் ஒரு இடைவெளி உண்டு. ஐந்துக்குக் கீழே. அவ்வளவுதானே? ஐந்துக்குக் கீழே போனால் பள்ளம் விழுந்துவிடும். நான்கு போதாது, நான்கு என்றால் தூக்கம் சரியில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். மூன்று. மூன்று சொன்னால் எவனும் வாயைத் திறக்க முடியாது. அன்றைக்கு ஏழை விழுங்கினான், இன்றைக்கு ஒன்பதை விழுங்குவான். வெல்டன் சொல்லிக்கொடுத்த வித்தை, வெல்டன் கழுத்துக்கே. எவ்வளவு பொருத்தம், டாரெல் இருந்தால் சிரித்திருப்பான், டாரெல் இல்லை, டாரெல் போன வருஷம் காரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், பிணமாகத்தான் வெளியே வந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான். அக்கா கேட்டால் வருத்தப்படுவாள், நீயா ஒண்ணும் பண்ணாதே என்றாளே. அக்காவிடம் சொல்ல வேண்டாம். எந்த மூன்று? முதல் மூன்றையே வைத்துக்கொள்ளலாம், அதுதான் இயல்பாக இருக்கும், மறதிக்காரன் முதலில் கேட்டதைத்தான் பிடித்து வைத்திருப்பான். வாளி, கதவு, வான்கோழி. வாளி, கதவு, வான்கோழி. சொல்லிவிட்டு நெற்றியைச் சுருக்க வேண்டும், கூரையைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் உதட்டைக் கடிக்கலாம். உள்ளே ஒன்பதையும் வைத்துக்கொண்டு வெளியே திருதிருவென்று விழிக்க வேண்டும். தடுப்பாட்டத்தில் இல்லாத பாசாங்கா, இடப்பக்கம் போகிற மாதிரி உடம்பைச் சாய்த்து வலப்பக்கம் வெட்டியவன்தானே இவன். எழிலரசனுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு உடம்பு முழுக்க ரத்தம் ஓடியது. முளைகள் மளமளவென்று துளைகளுக்குள் இறங்கின. ஏரிக்கரை, தூண்டில், கடிதம் வரும், வெல்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிப்பான், படிப்பான், மறுபடி படிப்பான், மிட்டாய் கன்னத்திலேயே நின்றுவிடும். வாளி, கதவு, வான்கோழி. மனைவியைக் கூப்பிடுவான். இல்லை, கூப்பிட மாட்டான். தனியாக நிற்பான், மீன்கூடத் தூண்டிலை இழுக்காது. வாளி, கதவு, வான்கோழி.

டோரீன் பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள். தாளைத் திருப்பினாள்.

"முதல்ல சில சொற்கள் வாசிச்சேன் இல்லையா? ஞாபகமிருக்கிறதெல்லாம் சொல்லுங்க. எந்த வரிசையா இருந்தாலும் சரி."

"வாளி" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "கதவு" என்றான். கூரையைப் பார்த்தான். "வான்கோழி."

பேனா காத்திருந்தது. எழிலரசன் திட்டப்படியே நெற்றியைச் சுருக்கினான், உதட்டைக் கடித்தான், தலையை ஒருமுறை ஆட்டினான்.

"அவசரமில்ல" என்றாள் டோரீன். "இன்னும் ஒண்ணு ரெண்டு?"

"இல்ல. அவ்வளவுதான்."

அவள் மூன்று என்று எழுதினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தாலும் மூன்றுதான். ஐந்து அங்கே, மூன்று இங்கே, நடுவில் வெல்டன் விழுந்து கிடக்கிறான். எழிலரசனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான், அந்த ஹாலில் அடக்கிய அதே சிரிப்பு. முடிந்தது. இனி உள்ளே விழுங்கி வைத்திருக்கிற ஒன்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம், யாருக்கும் தெரியாமல், ஆசை தீர. வாளி, கதவு, வான்கோழி, அடுத்தது. அடுத்தது புளிப்பாக ஏதோ. இல்லை, மஞ்சள். மறுபடி ஆரம்பித்தான். வாளி, கதவு, வான்கோழி. டோரீன் வாசித்த குரல் காதில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் விட்ட மூச்சுகூட இருக்கிறது, குரல் மேலே போய்க் கீழே வருகிறது, சொல் மட்டும் இல்லை. ஒரு விலங்கு இருந்தது, நாலு கால். சுவரில் எதுவோ, மறக்கவே மறக்காது என்று நினைத்தது ஒன்று. வேகமாகச் சொன்னால் வந்துவிடும் என்று வேகமாகச் சொன்னான், வாளி கதவு வான்கோழி, வாளி கதவு வான்கோழி, அதற்கப்புறம் காலடியில் தரை இல்லை. காரேஜ், தூண்டில், மீன், அவையெல்லாம் அவனுடையவை, டோரீன் வாசித்தவை அல்ல. எழிலரசன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணி வேணுமா?" என்று டோரீன் கேட்டாள். வேண்டாம் என்று கை காட்டினான்.

கயல் வெளியே நாற்காலியில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்னடா, எவ்வளவு?"

"மூணு. வெல்டன் மாட்டிக்கிட்டான்க்கா."

அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள், சின்ன வயசில் பொய் சொன்னால் கண்டுபிடிக்கப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எழில், நெஜத்தச் சொல்லு. உள்ள வச்சுக்கிட்டு எதையும் மறைக்கலியே நீ?"

"மறைச்சேன்னுதான்க்கா நெனச்சேன்" என்றான்.